பாப் பாட்டுக்கு பிளான் வரைந்த வகுப்பு

நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு கட்டடக்கலைக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு வடிவமைப்புப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். சமச்சீர், தாளகதி, அளவு என்று பலகையில் எழுதினால் பிள்ளைகள் அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வார்கள். வரையும் பிளானில் அதில் ஒன்றும் வராது. ஒருநாள் சலித்துப்போய், இடைவேளையில் அவர்கள் போனில் பார்த்துக்கொண்டிருந்த பாப் பாட்டு வீடியோவையே வாங்கி புரொஜெக்டரில் போட்டேன்.

“ஆடுறவங்கள விடுங்க. அவங்க நிக்கிற எடத்தப் பாருங்க” என்றேன்.

நீண்ட வராந்தாவில் ஏழு பேர் நடந்து வந்தார்கள். இருபுறமும் ஒரே இடைவெளியில் தூண்கள். காமிரா நடுக்கோட்டை விட்டு விலகவே இல்லை. அதை நிறுத்தி, அந்த இடத்துக்கு பிளான் வரையச் சொன்னேன். தூணுக்கும் தூணுக்கும் நடுவே எத்தனை அடி என்று வகுப்பே சண்டை போட்டது. ஆடுபவரின் உயரத்தை வைத்துக் கணக்கிடலாம் என்றாள், பூவாரிலிருந்து வரும் ஒரு மாணவி. அதுவரை அவள் வகுப்பில் வாய் திறந்ததில்லை.

மறுவாரம் தங்கள் ஊர்ச் சர்ச்சின் ஜன்னல்களை அளந்து வரைந்துகொண்டு வந்தாள். “டீச்சரே, எங்க சர்ச்சிலயும் அதே தாளம் உண்டு. கடைசி ஜன்னல் மட்டும் கொஞ்சம் தள்ளியாக்கும் இருக்கு.”

நான் அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதுதான் புகார் வந்தது. மகள் வீட்டில் டான்ஸ் பார்த்துவிட்டு வீட்டுப்பாடம் என்கிறாளென்று ஒரு தகப்பனார் சொன்னாராம். துறைத் தலைவர் கூப்பிட்டார்.

“டீச்சரே, இது காலேஜ் ஆக்கும். தியேட்டர் இல்ல.”

“சாரே, ஒரு கிளாஸ் வந்து இருந்து பாருங்க. பெறகு சொல்லுங்க.”

“அதுக்கொண்ணும் எனக்கு நேரம் இல்ல. இதுல ஒப்புப் போடுங்க.”

இனி வகுப்பில் பாட்டு வீடியோ காட்ட மாட்டேன் என்று தட்டச்சு செய்து வைத்த கடிதம். என்னுடையது நிரந்தர வேலை இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அவருடைய பேனாவையே வாங்கி, ‘காட்ட மாட்டேன்’ என்பதை அடித்து, மேலே ‘காட்டுவேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து தெளிவாகத்தான் விழுந்தது.

மறுநாள் புரொஜெக்டர் அறையில் பூட்டு தொங்கியது. “மக்கா, நாலு பேருக்கு ஒரு போன்” என்றேன். வகுப்பு நடந்தது.

ஆண்டு இறுதியில் வெளியிலிருந்து ஒரு கட்டடக்கலைஞர் தேர்வாளராக வந்தார். அவரிடம் பாட்டைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று துறைத் தலைவர் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள் என்று நான் சொல்லியிருந்தேன்.

பூவார் மாணவி வரைந்திருந்தது மீன் விற்கும் பெண்களுக்கு ஒரு கூடம். தூண்வரிசையை எங்கே படித்தாய் என்று தேர்வாளர் கேட்டார்.

“பாட்டு பாத்துப் படிச்சதாக்கும், சார்.”

துறைத் தலைவர் தலையைக் குனிந்துகொண்டார். தேர்வாளர் அந்த வீடியோவை வாங்கி இரண்டு முறை பார்த்தார். “தூணெல்லாம் சரி. மீன் கழுவுற தண்ணி எங்க போவும்?” என்றார். அவள் பிளானில் வடிகால் இல்லை. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் நல்ல மதிப்பெண் போட்டார்.

என் வேலை போகவில்லை. வடிவமைப்பை மட்டும் என்னிடமிருந்து பிடுங்கி, செங்கல், சிமென்ட் பாடத்தைக் கொடுத்தார்கள். முதல் வகுப்பிலேயே, பூசாத செங்கல் சுவரின் முன்னால் ஒருத்தி பாடும் வீடியோவைப் போனில் போட்டு, செங்கல் அடுக்கியிருக்கும் முறையை வரையச் சொன்னேன். துறைத் தலைவர் வாசலில் வந்து நின்றார். நான் நிறுத்தவில்லை.