அத்தையின் காது மெஷின்

இதை நம்பச் சொல்லி யார் காலிலும் விழப் போவதில்லை. காது மெஷின் ரிப்பேர் செய்வது என் தொழில். சத்தத்தில் என்னை ஏமாற்றுவது கஷ்டம். அன்று கேட்டதை என் இரண்டு காதாலும் கேட்டேன், அவ்வளவுதான்.

அம்மா போனபின் என்னை வளர்த்தது அத்தை. அப்பாவின் அக்கா. அவருக்குக் காது மந்தம். நான்தான் மெஷின் செய்து மாட்டிவிட்டேன். காதுக்குள் செருகும் பிளாஸ்டிக் அச்சு தளர்ந்தால் மெஷின் விசிலடிக்கும். வாய் அசைந்தாலே அச்சு தளரும். அத்தைக்கோ வாய் ஓயாது. அதனால் எந்நேரமும் விசில்தான். வீட்டில் அவருக்கு ரயில் அத்தை என்றே பெயர். "ரயிலு வருது, வழி விடுங்கடா" என்று அவரே சிரிப்பார்.

அன்று காலை அத்தை மகன் போன் செய்தான். "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க மாப்ள. டாக்டர் பாத்துட்டார். நாலு மணிக்கு எடுக்கறோம்."

கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

பாதி வழியில் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, "இன்னிக்குப் போன மாதிரிதான்" என்றார். மணி மூன்று பத்து. மச்சானைக் கூப்பிட்டேன்.

"எனக்காகக் கொஞ்சம் நிறுத்தி வை மச்சான்."

"எல்லாரும் அவசரப்படுத்தறாங்க மாப்ள..."

அவன் குரலுக்குப் பின்னால்... கீ...ய்...

மெல்லிசாக வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

போனைக் காதோடு அழுத்தினேன். மெஷின் சும்மா கிடந்து விசிலடித்தால் ஒரே இழுப்பாக இழுக்கும். இப்படி விட்டு விட்டு வந்தால்... போட்டிருப்பவர் பேசுகிறார்.

"அந்த விசில் கேக்குதா?"

"என்ன விசில்? இங்க ஒரு சத்தமும் இல்ல."

"நீ எங்க நிக்கறே?"

"அம்மா பக்கத்துல."

"அத்தை காதுல மெஷின் இருக்கா பாரு."

"தலையோட போர்த்தியிருக்கு. இத்தனை பேர் முன்னாடி விலக்கச் சொல்றியா?"

"அத்தை பேசறாங்க மச்சான்! டாக்டரைக் கூப்பிடு!"

"அழுதுடு மாப்ள. மனசுக்குள்ளயே வச்சுக்காத."

கீ... கீ... கீய்...

"சரி, போனையாவது அவங்க காதுகிட்ட வை. ஒரு வார்த்தை பேசிக்கறேன்."

வைத்தான். துணி உரசும் சத்தம்.

விசில் நின்றது.

யாரோ பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பது போல் நின்றது.

"அத்தே... நான்தான். வந்துட்டே இருக்கேன். நான் வராம உங்கள எடுக்க மாட்டாங்க."

ஒரே ஒரு சின்ன கீ...

லைன் அறுந்தது.

அதன்பின் எத்தனை முறை அடித்தும் போகவில்லை. இறங்கி ஓடினேன். எங்கே ஓடுவது? கண்ணுக்கெட்டிய தூரம் வண்டிகள். ரோட்டோரத்தில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். நான்கு மணி ஆனது. நான்கரையும் ஆனது.

வீடு சேர்ந்தபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் முடிந்திருந்தது.

"மெஷினைக் கழட்டினீங்களா?" என்றேன்.

மச்சானின் மனைவி விழித்தாள். "மெஷின் ஏது? வேலை செய்யலைன்னு போன வாரமே உங்களுக்குத்தானே கூரியர்ல அனுப்பினாங்க? வரலையா?"

என் கடைக்குப் போன் செய்தேன். பார்சல் அன்று காலையே வந்து என் மேஜைமேல் கிடக்கிறதாம்.

அப்பாடா! அப்படியென்றால் அத்தை காதில் மெஷினே இல்லை. நான் கேட்டது வெறும் பிரமை. அத்தை நிம்மதியாகத்தான் போயிருக்கிறார். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.

மச்சான் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். முகம் வெளுத்திருந்தது.

"யார்கிட்டயும் சொல்லாத. நீ போன்ல பேசினப்புறம் அம்மா வாய் மூடவே இல்ல மாப்ள. நாங்களும் மூடி மூடிப் பாத்தோம்... திறந்துக்கிட்டே இருந்துச்சு. கடைசில துணியால இறுக்கிக் கட்டித்தான் எடுத்தோம்."