மடிக்கணினியைத் தூங்க வைத்த குளிர்காலம்

என் கணவருக்கு எதையும் எறிய மனம் வராது. ஆறிப்போன தேநீரைக்கூட மறுபடி சூடாக்கிக் குடிப்பார். அதனால், யாரோ விளையாடுவதற்காக வாங்கி, அலுத்துப்போய் விற்ற ஒரு பெரிய மடிக்கணினியை அவர் நோர்வேயில், ஹவுகன்ஸ்டுவாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது நான் ஆச்சரியப்படவில்லை. அம்மிக்கல் கனம். விசைகளுக்கு அடியில் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் ஓடின.

“இனிமே இதுலதான் உன் வேலை. செம மெஷின்,” என்றார்.

புதிய விண்டோஸ் அதில் ஏறாதாம். அதற்குப் பதிலாக லினக்ஸ் போட்டுத் தந்தார். நான் கடலுக்கு மறுகரையில் பிறந்தவள். அவர் மதுரைக்காரர், நகரத்தில் ஓர் அலுவலகத்தில் மென்பொருள் வேலை. லினக்ஸைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் நான் வெங்காயம் உரிக்கப் போய்விடுவேன். அதற்கும் பின்னாலேயே வந்து பேசுவார். வெங்காயத்துக்கு அழுகிறேனா, அவருக்கு அழுகிறேனா என்று அவருக்குத் தெரியாது.

நான் தொல்க். வைத்தியருக்கும் நோயாளிக்கும் நடுவில் இருந்து, நோர்வேஜிய மொழியைத் தமிழிலும் தமிழை நோர்வேஜிய மொழியிலும் மாற்றிச் சொல்பவள். முன்பெல்லாம் ரயிலும் பஸ்ஸும் ஏறி ஒவ்வொரு மருத்துவமனையாகப் போய்வந்தேன். இப்போது பாதி வேலை திரையிலேயே நடக்கிறது. சாமான் போட்டு வைத்திருந்த சின்ன அறையை ஒதுக்கி, ஒரு மேசை போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் அதுதான் என் அலுவலகம். வேலை நேரத்தில் உள்ளே யாரும் வரக்கூடாது. காதில் விழுந்தது எதையும் வெளியே சொல்லக்கூடாது. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கணவரிடம்கூட ஒரு சொல் சொன்னதில்லை. அடுத்த வீட்டுக் கதை என்றால் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும் அவருக்கு இது பெரிய தண்டனைதான்.

கணினி வந்த முதல் வாரமே அதன் விசிறி இரையத் தொடங்கியது. ஒன்றுமே செய்யாமல் திறந்து வைத்தாலும் இரையும். மடியில் வைத்தால் தொடை சுடும். ஒரு வைத்தியர் மிகவும் பணிவாக, உங்கள் பக்கத்தில் யாராவது தலைமயிர் காய வைக்கிறார்களா என்று கேட்டார். அது சிரிக்கக்கூடிய விஷயம். அடுத்தது அப்படியல்ல.

ஒரு நாள், நோயாளி ஒருவர் சொல்வதற்கே கஷ்டமான ஒரு வசனத்தைச் சொன்னார். என்ன வசனம் என்று நான் எழுதக்கூடாது. மிக மெதுவாகச் சொன்னார். விசிறி இரைந்தது. எனக்குக் கேட்கவில்லை. “மன்னிக்கவேணும், திருப்பிச் சொல்லுறீங்களோ?” என்றேன். சொன்னார். பாதிதான் கேட்டது. மறுபடியும் கேட்டேன். இந்த முறை அவர் சந்தையில் மீன் விலை கேட்பவர்போல உரத்துச் சொன்னார். எழுத்துப் பிசகாமல் கேட்டது. ஆனால் முதல் தரம் அந்த வசனத்தில் இருந்த மனிதர் இப்போது அதில் இல்லை. அறையை விட்டு வெளியே வந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. தைரியத்தைத் திரட்டி ஒருமுறை சொல்வதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது பாவம். இன்னொருவரிடம் நான் அப்படிக் கேட்கக்கூடாது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

“இஞ்சை பாருங்கோ, எனக்குப் புது லாப்டொப் ஒண்டு வாங்குவம்,” என்றேன் சாப்பாட்டு மேசையில்.

விவாகரத்துக் கேட்டதுபோல என்னைப் பார்த்தார். “எதுக்கு? இது சாஃப்ட்வேர் பிரச்சினைம்மா. கொஞ்சம் டைம் குடு, சரி பண்ணிடறேன்.”

பிறகு விளக்கம் வந்தது. அந்தக் கணினிக்குள் படம் வரைய இரண்டு சிப் இருக்கிறதாம். ஒன்று சின்னது, அன்றாட வேலைக்கு. மற்றது பெரியது, விளையாட்டுக்கு. வேலை இல்லாத நேரத்தில் பெரியது தானாகவே தூங்கிவிட வேண்டும். எங்கள் வீட்டில் அது தூங்கவில்லை.

“வீட்டுக்கு ஒரு குக்கர், கல்யாணத்துக்கு ஒரு அண்டா மாதிரி வச்சுக்கோயேன்,” என்றார்.

“அண்டாவெண்டா கிடாரம்தானே? ரெண்டு பேருக்குச் சோறு காய்ச்ச ஏன் கிடாரத்தையும் அடுப்பிலை வைச்சிருக்கிறீங்கள்?”

“அதைத்தான் கண்டுபிடிக்கணும்.”

முதல் வேலையாக அவர் திரையின் மேல் ஓரத்தில் ஒரு சின்ன அளவுமானியை ஏற்றினார். பெரிய சிப்பின் சூடு எவ்வளவு, அது விழித்திருக்கிறதா தூங்குகிறதா என்று அது ஓயாமல் காட்டிக்கொண்டே இருக்கும். நோய் என்றால் முதலில் காய்ச்சல் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. எனக்கு இருமல் வந்தாலும் வெப்பமானியோடுதான் வருவார். அளவுமானியில் எண் எப்போதும் சிவப்பாகவே இருந்தது. விழிப்பு என்றே காட்டியது.

அதன் பிறகு எங்கள் மாலைகள் அந்த எண்ணுக்குப் பலியாகின. அலுவலகத்திலிருந்து வந்து காலணியைக் கழற்றியதும் கணினி முன்னால் உட்காருவார். சிப்பை நடத்தும் மென்பொருளை, அதாவது இயக்கியை, மாற்றுவார். சிப்பைத் தூங்க அனுமதிக்கும்படி எங்கேயோ ஒரு வரி எழுதுவார். அணைத்துப் போடுவார். திரை கறுப்பாகும். அவர் முகமும் கறுக்கும். திரை மெல்ல வெளிச்சம் பெறும், அவர் எழும்பி நின்று மேல் ஓரத்தைப் பார்ப்பார். விழிப்பு. சிவப்பு. மறுபடி உட்காருவார். இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வைத்ததைப் படித்து இன்னொரு வரியைச் சேர்ப்பார். நான் சோறு போட்டு வைத்துவிட்டுக் கூப்பிட்டால், “ஒரே ஒரு ரீஸ்டார்ட்” என்பார். அவருடைய ஒரே ஒரு ரீஸ்டார்ட்டுக்குள் ரசம் ஆறி, ஆடை படிந்துவிடும்.

ஒரு மாலை, பெரிய சிப்புக்கான இயக்கியையே மொத்தமாக நீக்கிவிட்டார். வேலைக்காரனை அனுப்பிவிட்டால் வேலையும் நின்றுவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கணினி முன்னைவிட மோசமாகக் கொதித்தது. சிப்பைத் தூங்க வைக்கும் பொறுப்பும் அந்த இயக்கியுடையதுதானாம். விளக்கை அணைக்க வேண்டிய ஆளையே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். இதை அவர் எனக்குச் சொன்ன விதத்தில் இயக்கிமேல்தான் குற்றம்.

“திருப்பிப் போடுங்கோ,” என்றேன். போட்டார்.

பிறகு அவருக்குப் பால்கனி ஞாபகம் வந்தது. வெளியே நல்ல குளிர். எதிர்ப் பால்கனியில் நோர்வேஜியப் பெண்ணொருத்தி கைக்குழந்தையைக் கம்பளியில் சுற்றித் தள்ளுவண்டியில் போட்டு வெளிக்காற்றில் தூங்க விட்டிருந்தாள். இங்கே எல்லோரும் செய்வதுதான். அதைப் பார்த்த என் கணவர் கணினியை ஒரு குளியல் துவாயில் சுற்றிப் பால்கனி நாற்காலியில் வைத்துவிட்டு, கதவிடுக்கு வழியாக நீண்ட மின்கம்பியை உள்ளே விட்டு, “இப்ப பாரு, ஃபேன் ஓடாது” என்றார். விசிறி உண்மையிலேயே ஓடவில்லை. ஆனால் நான் வேலை செய்ய வேண்டுமானால் நானும் பால்கனியில்தான் உட்கார வேண்டும். எதிர்ப் பெண் எங்கள் துவாயைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையசைத்தாள். எங்களுக்கும் குழந்தை பிறந்துவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ.

இதற்கிடையே என் வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. பெரும்பாலும் சர்க்கரை, இரத்த அழுத்தம், முழங்கால். உரத்துப் பேசக்கூடிய நோய்கள். அழைப்பு வந்த ஒவ்வொரு தரமும், இது உரத்துப் பேசக்கூடியதாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டே பொத்தானை அழுத்தினேன். அப்படி வேண்டிக்கொண்டு வேலை செய்வது நல்ல வேலையல்ல. அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

விஷயம் பிடிபட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஆட்டிறைச்சிக் குழம்பு சாப்பிட்ட களைப்பில் நான் கட்டிலில் சாய்ந்தேன். நல்ல நித்திரை. கதவு மெல்லத் திறந்தது.

“தூங்கிட்டியா?”

கண்ணைத் திறந்தேன். “இல்லை. இப்ப எழும்பிட்டன்.”

“சரி சரி, தூங்கு.” கதவு மூடிக்கொண்டது.

இது அவர்கள் வீட்டு வழக்கம். ஆள் தூங்குகிறதா என்று தூங்குகிற ஆளிடமே கேட்டு உறுதி செய்துகொள்வார்கள். எங்கள் பக்கமும் யோக்கியமில்லை. “நித்திரையோ?” என்று தோளைத் தட்டிக் கேட்டுவிட்டு, “சரி, நீ படு” என்று போகிறவர்கள்தான் நாங்களும். எங்கள் தமிழுக்கும் அவர்கள் தமிழுக்கும் எத்தனை வித்தியாசம் என்று இங்கே நடக்கும் எல்லா விருந்திலும் பேசித் தீர்ப்போம். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு கரையும் ஒன்றுதான்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி கதவு. இந்த முறை கேள்வி இல்லை, தலை மட்டும் எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

“இப்ப என்ன?”

“இல்லம்மா, நல்லாத் தூங்குறியான்னு பாக்க வந்தேன்.”

“நீங்கள் பாக்க வாறதாலைதான் நான் நித்திரை கொள்ளேல்லை! ஆளைப் படுக்கச் சொல்லுறது, பிறகு கதவைத் திறந்து திறந்து…”

கூடத்தில் விசிறி இரைவது கேட்டது. எழும்பி உட்கார்ந்தேன்.

“அந்த மீற்றர் சூட்டை எப்பிடிக் கண்டுபிடிக்குது?”

“சிப்கிட்ட கேக்கும்.”

“நித்திரை கொள்ளுற சிப்பிட்டையோ?”

கதவுப் பிடியில் இருந்த அவர் கை அப்படியே நின்றது. படித்த மனிதர் ஒருவரின் முகத்தில் ஒவ்வொரு மாலையாக எல்லாம் திரும்ப ஓடுவதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். இயக்கி, வரிகள், பால்கனி, ஆறிய ரசம். பிறகு கூடத்துக்கு ஓடினார். நானும் போர்வையோடு பின்னால் போனேன்.

அவரே ஒப்புக்கொண்டார். சூடு எவ்வளவு என்று சொல்ல வேண்டுமானால் சிப் விழிக்க வேண்டும். அளவுமானி விநாடிக்கு விநாடி கதவைத் திறந்து, தூங்கிட்டியா, தூங்கிட்டியா என்று கேட்டிருக்கிறது. அவர் எழுதிய வரிகளில் ஏதோ ஒன்று எப்போதோ பலித்துவிட்டிருக்கிறது. எது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பாவம் அந்தச் சிப், கண் செருகும் நேரமெல்லாம் எங்கள் வீட்டு அன்பு அதைத் தட்டி எழுப்பியிருக்கிறது.

அளவுமானியை எடுத்தார். இரைச்சல் தணிந்தது. இன்னும் தணிந்தது. பிறகு விசிறி நின்றது. குளிர்சாதனப் பெட்டியின் உறுமல் கேட்டது. கீழே யாரோ வாசலில் காலணிப் பனியைத் தட்டுவதும் கேட்டது. எங்கள் வீட்டில் இவ்வளவு சத்தங்கள் இருந்தன என்பதையே மறந்துவிட்டிருந்தோம்.

அவர் கை மெல்ல விசைப்பலகையை நோக்கிப் போனது.

“என்ன செய்யப் போறீங்கள்?”

“உண்மையிலேயே தூங்குதான்னு ஒரே ஒரு தடவை…”

“கையை எடுங்கோ!”

எடுத்தார். ஆனால் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில் சிப்பைத் தொடாமலே அதன் நிலையைப் படிக்க ஒரு வழி இருப்பதைத் தேடிப் பிடித்தார். விடுதி அறைக் கதவுக்கு வெளியே தொங்கும் அட்டையைப் பார்ப்பதுபோல. அதில் தூக்கம் என்றே இருந்தது. பரீட்சை முடிவு வந்த பிள்ளைபோல அதை எனக்குக் காட்டினார். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். மடையா என்று வாய்வரை வந்தது. ஆனால் எனக்காகத்தானே இத்தனை மாலைகளையும் தொலைத்தார் என்று நினைத்தபோது அவர்மேல் அன்பாகவே இருந்தது. மடையா என்பதையும் சொன்னேன்.

அந்த வாரமே ஓர் அழைப்பு வந்தது. சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். திரையின் ஒரு பாதியில் வைத்தியர், மறுபாதியில் வயதான ஓர் அம்மா, குளிர்ச்சட்டையைக்கூடக் கழற்றாமல். எங்கள் பக்கத்துத் தமிழ். வைத்தியர் ஒரு கேள்வி கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அந்த அம்மா கைப்பையின் பிடியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் முழுவதும் அறைக்குள் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல ஒரே ஒரு வசனம் சொன்னார்.

அதன் ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. என்னைத் தயார் செய்துகொள்ள நேரமே இருக்கவில்லை. அவர் சொன்ன அதே குரலில், கூட்டாமல் குறைக்காமல், நோர்வேஜிய மொழியில் சொன்னேன்.

நான் தமிழில் ஒன்றும் சொல்லாததைக் கண்டு அந்த அம்மா பதறிவிட்டார். திரையில் பேசினால் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள் என்று அவருக்குப் பழகிப்போயிருக்கவேண்டும். மூச்சை இழுத்து, உரத்துச் சொல்ல நிமிர்ந்தார்.

“கேக்கேல்லையோ பிள்ளை? திருப்பிச் சொல்லவோ?”

“வேண்டாம் அம்மா. கேட்டது.”

எங்கள் விதிப்படி இந்த இரண்டு வரியையும் வைத்தியருக்குச் சொல்ல வேண்டும். சொன்னேன். வைத்தியர் அந்த அம்மாவை நேராகப் பார்த்து, தனக்கும் கேட்டது என்றார். அதையும் அவருக்குத் தமிழில் சொன்னேன்.