பின்கதவில் உட்கார்ந்த பூனை

நெடுஞ்சாலையில் லாரி முன்னால் போனால் நம்பர் பிளேட்டைப் பார்ப்பதற்கு முன் அதன் பின்கதவைப் பார்த்துவிடுகிறேன். நாமக்கல்லில் பாடி கட்டிய லாரிகளில் பெரும்பாலும் இரண்டு மயிலும் நடுவில் தாமரையும் இருக்கும். எப்போதாவது ஒன்றில், ஒரு காது மட்டும் கறுத்த வெள்ளைப் பூனை உட்கார்ந்திருக்கும். அங்கே ஒரு பட்டறையில் பெயிண்டர் அண்ணன் அதை முதன்முதலில் வரைந்தபோது நான் பக்கத்தில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். கோழிப்பண்ணை, போர்வெல் போடும் ரிக் வண்டி, தறி என்று எங்கேயும் மூன்று மாதத்துக்கு மேல் நின்றதில்லை. அந்த லாரிப் பட்டறையில் பலகை அடுக்கின்மேல் படுத்துக்கொள்வேன். மத்தியானம் அண்ணனின் தூக்குப்போசிச் சோற்றில் எனக்குப் பாதி, அவருடைய பாதியில் வெள்ளச்சிக்குப் பங்கு. அவர் தனி ஆள். வெள்ளச்சி அவர் வளர்த்த பூனை. காலையில் மொபெட்டின் முன்னால் அதை உட்கார வைத்துக் கூட்டிவருவார், சாயங்காலம் அப்படியே கூட்டிப்போவார்.

ஒருநாள் வேலை முடிந்த லாரியின் கேபின் கதவைச் சாத்தி, "போலாங்க" என்று கை காட்டியவன் நான்தான். உள்ளே வெள்ளச்சி தூங்கியது எனக்குத் தெரியாது. டிரைவரைப் போனில் பிடித்தபோது, "என்னமோ குதிச்சு ஓடுச்சுங்க. மூணு எடத்துல நிறுத்துனேன், எங்கன்னு தெரியலீங்க" என்றார். இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. அண்ணன் திட்டியிருந்தால் நான் கிளம்பிப் போயிருப்பேன். அவரோ மறுநாளும் தூக்குப்போசியை என் பக்கம் தள்ளினார். அதற்குப் பிறகு பூனை கிடைக்காமல் எப்படிப் போவது?

அடுத்த லாரியின் பின்கதவில் மயிலுக்குப் பதில் வெள்ளச்சியை வரைந்து, கீழே பட்டறையின் போன் நம்பரை எழுதினார். லாரிக்காரர் பதறினார்.

"ஏனுங்க, பூனை குறுக்க போனாலே வண்டிய நிறுத்தறவன் நானு. வண்டியிலயே உட்கார வெச்சுட்டீங்களே!"

"பின்னாலதானுங்க உட்கார்ந்திருக்குது. குறுக்க எப்பிடிப் போகும்?"

அவர் சிரித்துவிட்டார். அப்படியே ஏழெட்டு லாரிகள் பூனையோடு கிளம்பின. டிரைவர்கள் பூனைகளோடு வந்தார்கள். ஒருவர் சாக்கில் சாம்பல் நிறக் கடுவன் பூனையைக் கொண்டுவந்தார். இன்னொருவர் கொண்டுவந்தது குட்டி. "வளந்தா அப்பிடித்தானுங்க இருக்கும்" என்று எங்களைச் சமாதானம் செய்தார்.

ஐந்தாவது மாதம் சேந்தமங்கலம் சாலையிலிருந்து ஒரு டீக்கடைக்காரர் கூப்பிட்டார். இருவரும் மொபெட்டில் போனோம். கடைக்குப் பின்னால் விறகுக் குவியலின்மேல் எலும்பும் தோலுமாக ஒரு வெள்ளைப் பூனை. அடையாளமான கறுப்புக் காதில் பாதியைக் காணோம். "மக்காச்சோளக் காட்டுல எலி புடிச்சே பொழச்சுக்குச்சுங்க. யாரு கைக்கும் சிக்காது" என்றார் கடைக்காரர். எங்களைக் கண்டதும் அது தகரக்கூரைக்குத் தாவியது. அண்ணன் தரையில் குந்தி, "வா சாமி, ஊட்டுக்குப் போலாம்" என்றார். வெகுநேரம் அப்படியே இருந்தார். பூனை இறங்கிவந்து டர்பன்டைன் மணக்கும் அவர் கையை முகர்ந்தது. பிறகு எங்களை விட்டுவிட்டு நேராகப் போய் மொபெட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டது.

அடுத்த வாரம் நான் பையைக் கட்டினேன். அண்ணனுக்கு ஆச்சரியமே இல்லை.

"போறதுன்னா போ சாமி. ஆனா தொலஞ்சு கிலஞ்சு போயிராத. உன்ற மூஞ்சிய வரைஞ்சா எவன் வண்டிய எடுப்பான்?"

ஞாயிறுதோறும், நான் இருக்கும் ஊரின் பெயரை அவருக்குப் போனில் சொல்லிவிடுகிறேன்.