தேன் லாரியைத் தேடிப் போன நாய்

பிறரை நிற்க வைப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவன், அப்படி நின்றவர்களுக்கு ஏதாவது கடமைப்பட்டிருக்கிறானா? எங்கள் ஊரான லெவ்ஸ்கிக்கு வெளியே ரயில்வே கேட்டில் கேட் கீப்பராக இருந்த வெலிச்கோவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி எழும். அவருக்குள் எழுந்ததா என்று தெரியாது. மணி அடித்தால் கட்டையை இறக்குவார். ரயில் போனதும் ஏற்றுவார். அந்தப் பக்கம் கல்யாணக் கார் நின்றாலும் சவ வண்டி நின்றாலும் அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது.

நல்ல மனிதர் என்று ஊரில் சொல்வார்கள். நான் அவசரப்பட்டு அப்படிச் சொல்லமாட்டேன். நேரம் தவறாதவர், அது வேறு குணம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரைத் தாண்டிப் போனதும் அபூர்வம். அவருடைய மூத்த சகோதரி ராடா, தன் கணவர் இறந்தபின், அந்த வீட்டுக்கே குடிவந்தார். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அதனால் ராடா அக்காவின் பேச்சு முழுவதும் எங்களுக்கும் கேட்கும். வெலிச்கோவின் குரலைக் கேட்க வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும்.

அகாசியாப் பூ முடிகிற காலத்தில் தேன்பெட்டி லாரிகள் எங்கள் ஊர் வழியாகக் கிழக்கே போகும். அகாசியா முடிந்தால் லிபா மரங்கள், லிபா முடிந்தால் சூரியகாந்தி. தேனீக்காரர்கள் பூவுக்குப் பின்னாலேயே போகிறவர்கள். வெயில் ஏறினால் பெட்டிக்குள் ஈக்கள் புழுங்கிச் செத்துவிடும் என்பதால் வழியில் எங்கும் நின்று நிதானிக்க மாட்டார்கள். அப்படி ஒரு லாரி விடிகிற வேளையில் கேட்டில் நின்றது. நீண்ட சரக்கு ரயில். லாரியின் பின்னாலிருந்து புகை நிறத்தில் ஒரு நாய் குதித்து, கேட் கீப்பர் கேபின் பக்கத்துக் குழாயடியில் தேங்கியிருந்த தண்ணீரைக் குடித்தது. வெலிச்கோ அதைப் பார்த்தார். ரயில் கடந்தது. ரயில் கடந்தால் கட்டையை ஏற்ற வேண்டும், ஏற்றினார். நாய் திரும்பியபோது சாலையில் புழுதிதான் இருந்தது.

அன்று முதல் நாய் கட்டைக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டது. லாரி நின்றால் எழுந்து போய், சக்கரம் சக்கரமாக மோந்துவிட்டுத் திரும்பி வரும். இலையுதிர் காலத்தில் கேட்டைத் தானியங்கி ஆக்கினார்கள். வெலிச்கோ ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தார். நாயும் கூடவே வந்தது. ஆனாலும் தினமும் காலையில் அது கேட்டுக்குப் போகும். அவரும் பின்னால் போவார். வேலை போன பிறகும் இருவரும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ராடா அக்காவுக்கு அந்த நாய் வந்ததில் பரம சந்தோஷம். "என்கிட்ட ஒரு வருஷத்துக்குப் பேசுறத, அதுகிட்ட ஒரே சாயங்காலத்துல பேசித் தீர்த்துடுறான்" என்று என் மனைவியிடம் சொன்னார். "அப்படி என்னதான் பேசுவான்னு கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். தக்காளிச் செடிக்கு எப்ப குச்சி நடலாம்னு கேட்டுட்டிருக்கான்!"

நாய்க்கு அவர் பெயர் வைக்கவில்லை. ராடா அக்கா ஷாரோ என்று கூப்பிட்டபோது தடுத்தார். "அடுத்தவங்க நாய்க்கு நாம எப்படிக்கா பேர் வைக்கிறது?"

அடுத்த ஜூனில் அவர் தம்முடைய பழைய பச்சை மாஸ்க்விச் காரைக் கழுவி, எண்ணெய் மாற்றி வாசலில் நிறுத்தினார். தேனீக்காரர்கள் போகிற வழியிலேயே, ஊர் ஊராக, லிபா காடுகள் வரைக்கும் போகப் போவதாகச் சொன்னார். தன் கேட்டில் இறங்கித் தொலைந்த நாயைச் சேர்க்க வேண்டிய இடத்தில் தானே சேர்க்கவேண்டுமாம்.

"உனக்குப் பைத்தியமாடா?" என்றார் ராடா அக்கா. "ஒரு வருஷமா தேடி வராதவன் இனிமேலா வரப் போறான்?"

"அவன் வரலன்னா நாம போகணும்."

"ஆள் கிடைச்சுட்டா?"

"குடுத்துடுவேன்."

"குடுத்துட்டு?"

அவர் காரின் கண்ணாடியைத் துடைக்கப் போனார். அந்தப் பதில் இல்லாததுதான் தன்னைக் காரில் ஏற வைத்தது என்று ராடா அக்கா பின்னால் சொன்னார். நாயில்லாமல் தம்பி மறுபடியும் பழையபடி கட்டையாகிவிடுவான் என்ற பயம். வழித்துணைக்கு என்று சொல்லிக்கொண்டு, முட்டை அவித்து, குடமிளகாய்க்குள் அரிசி அடைத்து வேகவைத்து, வெள்ளைப் பாலாடைக்கட்டியும் ஒரு கூடை வெள்ளரிக்காயும் கட்டிக்கொண்டு கிளம்பினார். நாய்க்குப் பின்சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி வரும். அதனால் அது முன்னால் உட்கார்ந்தது, ராடா அக்கா பின்னால்.

கிளம்புவதற்கு முன் வெலிச்கோ ஷிவ்காவின் அச்சுக்கடைக்குப் போய், நாயின் படம் போட்டுச் சுவரில் ஒட்டத் தாள்கள் கேட்டிருந்தார். ஷிவ்காவிடம் வருகிற வேலையில் முக்கால்வாசி இரங்கல் தாள்கள். யாராவது போனால் அன்றைக்கு ஒன்று, நாற்பதாம் நாளுக்கு ஒன்று, ஆறாம் மாதம், வருஷம் என்று கதவிலும் மரத்திலும் பஸ் நிறுத்தத்திலும் நாங்கள் ஒட்டிக்கொண்டே இருப்போம். பஸ்ஸுக்கு நிற்கும்போது எல்லோரும் படிப்பது அதைத்தான். ஷிவ்கா, "எப்படிப் போடட்டும்?" என்று கேட்க, இவர் "எப்பவும் போடுற மாதிரியே போடு" என்று சொல்லிவிட்டார். ஷிவ்கா அப்படியே போட்டுக் கொடுத்தாள். கறுப்புச் சட்டம். நடுவில் நாயின் முகம். அடியில், தேன்பெட்டி லாரியோடு வந்த நாய் லெவ்ஸ்கி கேட்டில் இருக்கிறது என்று சின்ன எழுத்தில் ஒரு வரி, வெலிச்கோவின் பெயர், தொலைபேசி எண்.

பியாலாவில் முதல் தாளை ஒட்டிய பிறகுதான் ராடா அக்கா அதைப் பார்த்தார். "அடப்பாவி! உயிரோட இருக்கிற நாய்க்குக் காரியம் பண்ணிட்டியேடா!"

"எல்லாரும் படிப்பாங்கல்ல?" என்றார் வெலிச்கோ.

படிக்கத்தான் செய்தார்கள். காப்பிக் கடைக்காரி வெளியே வந்து, இழவு வீட்டில் சொல்கிற மாதிரி, "மண்ணு பாரமில்லாம இருக்கட்டும். எத்தன வயசு?" என்று கேட்டு, ராடா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். குடித்த காப்பிக்குக் காசும் வாங்கவில்லை. கிளம்புகிற நேரத்தில் ராடா அக்கா எதையோ மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பிப் போய், பஸ் நிறுத்தத்தில் இருந்த தாளைக் கிழித்துப் பைக்குள் திணித்துக்கொண்டார். வெலிச்கோ அதைக் கண்ணாடியில் பார்த்தார். இறங்கிப் போய் அதே இடத்தில் இன்னொன்றை ஒட்டிவிட்டு வந்தார்.

த்வே மொகிலியில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, பூங்காவில் உட்கார்ந்து மூவரும் சாப்பிட்டார்கள். தொப்பி போட்ட ஒரு முதியவர் நிறுத்தத்தில் அவர்கள் ஒட்டியிருந்த தாளின் முன் நின்றார். படித்தார். தொப்பியைக் கழற்றிச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். வெலிச்கோ எழுந்து பக்கத்தில் போனார்.

"தெரிஞ்சவங்களா?"

"லெவ்ஸ்கி கேட் வெலிச்கோ" என்றார் முதியவர். "போயிட்டான் போலிருக்கு. எஞ்சின் ஓட்டுறப்ப அவனை ரொம்பக் காலம் பாத்திருக்கேன். பாவம், அவனோட படம் ஒண்ணுகூட வீட்டுல இல்ல போல. நாயோட படத்தப் போட்டிருக்காங்க."

"எப்படிப்பட்ட ஆள்?"

முதியவர் யோசித்தார். "நான் ஹார்ன் அடிப்பேன், கையாட்டுவேன். அவன் கொடி மட்டும்தான் ஆடும். ஆளு ஆடமாட்டான். நல்லவனா கெட்டவனான்னு எனக்கெப்படித் தெரியும்? கொடி சரியா இருக்கும்."

"நாந்தாங்க அது."

முதியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நாயா செத்தது?"

"யாரும் சாகல."

"பின்ன எதுக்குய்யா கறுப்புச் சட்டம்? மனுஷன் தொப்பியக் கழட்ட வேண்டியதாப் போச்சு!" முதியவர் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டு கோபமாக நடந்தார். பத்தடி போனவர் திரும்பி நின்று, கையை உயர்த்தி ஆட்டினார். வெலிச்கோவும் கையை உயர்த்தினாராம். இதைச் சொல்லும்போது ஆச்சரியப்பட்ட அளவுக்கு ராடா அக்கா வேறு எதற்கும் ஆச்சரியப்பட்டதில்லை.

இறந்த பிறகு நம்மைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று தெரிந்துகொள்ளப் பலர் ஆசைப்படுவதுண்டு. வெலிச்கோவுக்கு அது உயிரோடு கிடைத்தது. கிடைத்ததில் குறையும் இல்லை, பெரிய நிறைவும் இல்லை. அவர் நாய்க்கு மிச்ச முட்டையை உரித்துக் கொடுத்துவிட்டுக் காரைக் கிளப்பினார்.

வெதோவோவில் அவர் சட்டைப்பையிலிருந்த தொலைபேசி அடித்தது. காரை ஓரமாக நிறுத்திவிட்டு எடுத்தார். மறுமுனையில் ரெம்சி என்ற ஒருவன். இஸ்பெரிஹுக்குப் பக்கத்து லிபா காட்டில் பெட்டிகள் வைத்திருக்கிறானாம். பியாலா வழியாக வந்த சக தேனீக்காரன் ஒருவன் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னானாம்.

"அண்ணே, நீங்க பெரிய மனசுக்காரர்" என்றான் ரெம்சி. "அடுத்தவன் நாய்க்கு இவ்வளவு மரியாதை யார் செய்வா? அன்னிக்குப் பெட்டிய இறக்குறப்பத்தான் அது இல்லன்னு தெரிஞ்சுது. சாயங்காலமே திரும்பி வந்து லெவ்ஸ்கி முழுக்கத் தேடினேன். வழியில எங்கெங்க நின்னோமோ அங்கெல்லாம் தேடினேன், கேட்டுல நின்னது மட்டும் ஞாபகத்துக்கு வரல. ஈய விட்டுட்டு அதுக்கு மேல இருக்க முடியல. கஷ்டப்பட்டுச்சா அண்ணே? கடைசில?"

வெலிச்கோ யாரையும் இடைமறிக்கிறவரில்லை. அவன் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு, "நாய் சாகல. பக்கத்துலதான் இருக்கு" என்றார்.

"நிஜமாவா அண்ணே?" என்றான் ரெம்சி.

"கூப்பிட்டுப் பாருங்க" என்று சொல்லி, தொலைபேசியை நாயின் காதருகே பிடித்தார்.

"துமான்!"

நாய் சீட்டிலேயே எழுந்து நின்றது. தலை காரின் கூரையில் இடித்தது. துமான் என்றால் ரெம்சியின் வீட்டுப் பேச்சில் புகை. தொலைபேசியை மோந்தது, கண்ணாடியை மோந்தது, பிறகு முனகிக்கொண்டே வெலிச்கோவின் காதை நக்கியது. பின்சீட்டில் ராடா அக்கா வெள்ளரிக்காய்க் கூடையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு இஸ்பெரிஹ் வரைக்கும் அவர் பேசவில்லை. அந்த ஒரு வழியில் மட்டும் வெலிச்கோதான் பேசினார், அதுவும் நாயிடம். வயலில் கோதுமை எப்படிப் பழுத்திருக்கிறது என்று சொன்னார். அதன் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்.

லிபா பூத்திருந்த காடு. தூரத்திலேயே வாசனை வந்துவிட்டது. நீலமும் மஞ்சளுமாகப் பெட்டிகள் வரிசை வரிசையாக இருந்தன. லாரி மரநிழலில் நின்றது. ரெம்சி, நாற்பது வயதிருக்கும், முகவலையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டுக்கொண்டு ஓடி வந்தான். நாய் அவனுடைய பூட்ஸை மோந்தது. உடம்பு முழுவதும் ஆட, அவன் மேல் பாய்ந்தது. அவன் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து நாய் அவனை விட்டுவிட்டு, பெட்டி வரிசைகளை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெதுவாகச் சுற்றி வந்தது. எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றியதோ என்னவோ, லாரியின் பின்சக்கரங்களுக்கு நடுவே போய்ப் படுத்துக்கொண்டது.

ரெம்சி தயிரும் ரொட்டியும் தேனடையும் கொண்டுவந்து வைத்தான். வெலிச்கோ நாயின் பழக்கங்களைச் சொன்னார். எந்தக் காலில் முள் ஏறியிருந்தது, இடி இடித்தால் எங்கே போய் ஒளியும், பின்சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி வரும். ரெம்சி சிரித்துவிட்டான்.

"என்கிட்ட இருந்தப்ப லாரிக்கு மேல பெட்டியோட பெட்டியா வரும். உங்ககிட்ட முன்சீட்டா?" பிறகு சிரிப்பை நிறுத்தினான். "அண்ணே, ஒண்ணு சொல்றேன். இத நீங்களே எடுத்துட்டுப் போங்க. நான் விட்டுட்டுப் போனவன். நீங்க வச்சுக் காப்பாத்தினவரு. வருஷத்துக்கு ஒரு தடவை நான் வந்து பாத்துக்கறேன்."

"மனசாரத்தான் சொல்றியா?" என்றார் ராடா அக்கா உடனே.

ரெம்சி, எங்கள் நாட்டு வழக்கப்படி, தலையை இடம்வலமாக அசைத்து ஆமோதித்தான். "மனசாரத்தான்கா."

வெலிச்கோ தயிர்க் கிண்ணத்தைக் கழுவி வைத்தார். ரெம்சி கொடுத்த தேன் ஜாடியை ராடா அக்கா காரில் வைக்க முன்கதவைத் திறந்தார். நாய் லாரிக்கு அடியிலிருந்து எழுந்து, சோம்பல் முறித்து, நடந்து வந்து, ஒரே தாவில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தது. யாரும் கூப்பிடவில்லை. ரெம்சிக்குக் கண் கலங்கியது, ஆனாலும் கைதட்டினான். "பாத்தீங்களா? அதுவே சொல்லிடுச்சு!"

ராடா அக்கா கதவைச் சாத்திவிட்டு, பின்னால் ஏறி, வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்ததில்லை என்பதுபோல உட்கார்ந்தாராம்.

வெலிச்கோ காரைச் சுற்றி வந்தார். நாய் இருந்த பக்கத்துக் கதவைத் திறந்தார். இரண்டு கைகளாலும் அதைத் தூக்கினார். அது கனமான நாய், அவரும் இளைஞரில்லை. மார்போடு அணைத்தபடி நடந்து போய், லாரியின் பின்சக்கரங்களுக்கு நடுவே, அது படுத்திருந்த அதே இடத்தில் இறக்கிவிட்டார். தலையில் கை வைத்து, அது உடம்பைத் தளர்த்தும்வரை குனிந்து நின்றார். ரெம்சி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் கையை உயர்த்தினார், அவன் நிறுத்திக்கொண்டான்.

"டேய், அதுவா வந்து ஏறிச்சுடா" என்று ராடா அக்கா கண்ணாடி வழியாகக் கத்தினார். "அவனும் குடுத்துட்டான்டா. அப்புறம் உனக்கு என்னடா வந்துச்சு? சொல்லுடா!"

வெலிச்கோ வந்து உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். காட்டுப் பாதையில் பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டினார். அன்று ராடா அக்கா கேட்டார். வீட்டில் தினம் கேட்டார். நானும் ஒருமுறை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அவர் தக்காளிச் செடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு குச்சியை எடுத்துக்கொண்டு அடுத்த செடிக்குப் போனார்.