உசனாரின் மொட்டை மாடிக் கொள்கை

காத்தான்குடியில் நிலம் சாண் கணக்கில் இருக்கிறது, பெண்பிள்ளைகளோ வீட்டுக்கு இரண்டு மூன்று பேர். மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் என்பதால், மூத்தவளுக்குக் கீழ்வீடு, அடுத்தவளுக்கு மேல்வீடு என்று நாங்கள் வானத்தைப் பங்கு போட்டு வாழ்கிறோம். எங்கள் வீடுகளின் மேல் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும் வெளியூர்க்காரர்கள், கட்டியவருக்குக் கை வறண்டுவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எங்களுக்குத் தெரியும், அந்த வீட்டில் இன்னொரு மகள் வளர்கிறாள்.

ஊரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த இந்த விஷயத்தை மறந்துபோன ஒரே மனிதர், என் தங்கச்சி ஸஹீதாவின் கணவர் உசனார்.

மச்சான் கெட்ட மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. பிரதான வீதியில் புடைவைக் கடை வைத்திருக்கிறார், ஐந்து நேரமும் தொழுகிறார், யாரையும் ஏமாற்றியதில்லை. நாடே எரிபொருளுக்கு வரிசையில் நின்ற வருடம் அவரும் மண்ணெண்ணெய்க் கானுடன் வெயிலில் நின்றார். அங்கேதான் மண்டைக்குள் ஏதோ சூடேறிவிட்டது.

"இனி ஒருத்தன்ட வாசல்லயும் போய் நிக்க மாட்டன் மச்சான். நம்மட கரண்ட நாமளே செய்யிற" என்றார்.

நல்ல எண்ணம். கையிலிருந்த காசுக்கு ஒழுங்கான சோலர் பெனலும் பெற்றரியும் வாங்கிப் பூட்டி, அத்தோடு நிறுத்தியிருந்தால் நானே பொன்னாடை போர்த்தியிருப்பேன். மச்சான் நிறுத்தவில்லை. பெனல் வாங்கினார், பெற்றரிக்கு வைத்திருந்த காசில் காற்றாடி வாங்கினார். இரண்டு பக்கமும் மாடி வீடுகள் அடைத்து நிற்கும் ஒழுங்கைக்குள் காற்று எந்த வழியால் வரும் என்று அவர் கேட்கவில்லை. கச்சான் காற்று வீசும் நாட்களில் மட்டும் அது கரகரவென்று சுற்றும், கீழே ஒரு குட்டி பல்பு கண் சிமிட்டும். அந்தக் காற்றாடியை அவர் எதில் கட்டினார் தெரியுமா? இளைய மகள் சப்னாவின் வீட்டுக்கென்று விட்டிருந்த தூண் கம்பியில்.

பிறகு வெயிலில் தண்ணீர் சுடவைக்கும் இயந்திரம் வந்தது. மட்டக்களப்பில் பகல் பன்னிரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் தேயிலை போடலாம், அதற்கு ஓர் இயந்திரம்! கடைசியாகச் சாணிவாயுத் தொட்டி. மாடு இல்லாத வீட்டின் மொட்டை மாடியில் சாணிவாயுத் தொட்டி வைத்த முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார். சாணிக்கு வாவியைத் தாண்டி, மாடுகள் மேயும் படுவான்கரைக்கு ஆட்டோவில் போனார். பெற்றோல் எரித்துச் சாணி கொண்டுவந்து, அதில் வந்த வாயுவில் ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்கவைத்தார். சாணி கொடுத்த தங்கராசாவுக்கே மனம் பொறுக்கவில்லை.

"உசனார் அண்ணன், இப்பிடி அலையிறத்துக்கு ஒரு மாட்டையே கொண்டு போய் மேல கட்டுங்களன்" என்றார்.

மச்சான் அதை யோசித்தும் பார்த்தார். படிக்கட்டு ஒடுக்கமாக இருந்ததால் ஸஹீதா தப்பினாள்.

இந்தக் கண்காட்சியை யாரோ படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். தேசிய எரிசக்திக் கொள்கைக்கு மக்கள் கருத்துக் கேட்கிறோம் என்று புளியந்தீவில் ஒரு கூட்டம் நடந்தது. அதில் மச்சானை மேடையேற்றி, ஆலோசனைக் குழுவில் உறுப்பினராக்கினார்கள். நாட்டிடம் இருப்பது கொஞ்சக் காசு, அதை எந்தச் சக்தியில் குவிப்பது என்பதுதான் குழுவுக்கு வந்த கேள்வி. மூன்று அமர்வுகள், மூன்று புரியாணிச் சாப்பாடு முடிந்தபின் குழு ஏகமனதாக முடிவெடுத்தது: எல்லாவற்றிலும் சமமாகக் குவிப்பது.

"ஒருத்தரும் மனம் நோகல்ல மச்சான்" என்று பெருமையாக வந்து சொன்னார். எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

இந்த நேரத்தில்தான் சப்னாவுக்கு ஏறாவூரிலிருந்து சம்பந்தம் வந்தது. நல்ல பையன், அவளுக்கும் பிடித்திருந்தது. ஸஹீதா கேட்டபோது குசினிக்குள் ஓடிப்போய், கழுவிய கோப்பையைத் திரும்பவும் கழுவினாள். வீட்டைப் பார்க்கப் பையனின் மாமா ஆதம்பாவா ஒரு பின்னேரம் வந்தார். அவர் தேநீர் குடிக்கும்போது மின்சாரம் நின்றது.

"பயப்பட வேணாம், நம்மட ஊட்டுல சோலர் இரிக்கி" என்றார் மச்சான்.

மின்விசிறி நின்றது நின்றதுதான். பெற்றரி இல்லாத சோலர், ஊர் இருண்டால் தானும் இருண்டுவிடும். ஆதம்பாவா வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறினார். மச்சான் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று விளக்கம் கொடுத்தார். கேட்டு முடித்த ஆதம்பாவா ஒன்றுதான் கேட்டார்.

"எல்லாம் சரி ஹாஜியார், புள்ளைக்கு ஊடு எங்க கட்டப்போறீங்க?"

நோன்புப் பெருநாளைக்குள் மேல்வீட்டு வேலை தொடங்கினால் நிக்காஹ், இல்லாவிட்டால் பையன் கட்டாருக்குப் போய்விடுவான், வேறு இடமும் பேசி வருகிறது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஸஹீதா அன்றே மேசனைக் கூப்பிட்டாள். மேலே இருப்பதை அகற்றினால் நாளைக்கே தூண் எழுப்பலாம் என்றார் மேசன். "ஒண்ட வச்சிட்டு மத்ததெல்லாம் குடுங்க" என்றாள் ஸஹீதா. எதை வைப்பது என்று மச்சானுக்குத் தெரியவில்லை. ஆராய வேண்டும் என்றார். அவகாசம் கேட்டார். நோன்பு பிறந்து பாதியும் போயிற்று. ஸஹீதா அண்ணனான என்னிடம் வந்து, "காக்கா, இந்த மனிசன் என்ட புள்ளைட வாழ்க்கையில மண்ணப் போடப்போறார்" என்று அழுதாள். எனக்கு இரத்தம் கொதித்தது. நேரே மேலே போனேன்.

கடையில் துணிக்குக் கோடு போடும் சோக்கட்டியுடன் மச்சான் அங்கே குனிந்து நின்றார். தளம் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கீறியிருந்தார்.

"முடிவெடுத்திட்டன் மச்சான்! ஒண்டையும் கழட்டத் தேவல்ல. பெனல் இந்தப் பக்கம், காத்தாடி அந்த மூல, தொட்டி இஞ்ச, தண்ணி மிஷின் அங்கால. எல்லாத்துக்கும் இடமிரிக்கி."

நான் வாயைத் திறக்குமுன் பின்னால் சப்னாவின் குரல் கேட்டது. காயவைத்த உடுப்பை எடுக்க வந்திருந்தாள்.

"எனக்கு எந்த மூல வாப்பா?"

கோபமாகக் கேட்டிருந்தால் மச்சான் சமாளித்திருப்பார். அவள் உண்மையிலேயே அந்தக் கட்டங்களுக்குள் தன் இடத்தைத் தேடிக்கொண்டு நின்றாள். மச்சான் சோக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தளத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், திரும்பவும் தளத்தைப் பார்த்தார். பிறகு காலால் ஒவ்வொரு கட்டமாக அழிக்கத் தொடங்கினார்.

அன்றே காற்றாடியைக் கழற்றினார். துருப்பிடித்த ஆணியோடு மல்லுக்கட்டி விரலைக் கிழித்துக்கொண்டார், என்னைக் கிட்ட விடவில்லை. மற்றவற்றையும் கழற்றிக் கீழே இறக்கினோம். விற்றுப் பெற்றரி வாங்குவது, பெனலை மட்டும் மேல்வீட்டுக் கூரையில் பூட்டுவது என்று முடிவாயிற்று. இவ்வளவு நாள் இழுத்த தேசியக் கொள்கை அஸர் தொழுகைக்கு முன்னால் முடிந்துவிட்டது.

வெறும் தளத்தில் சப்னாவிடம் சோக்கட்டியைக் கொடுத்தார்.

"நீ கீறு மகள்."

அவள் முதலில் வெட்கப்பட்டாள். பிறகு குந்தியிருந்து மண்டபம் கீறினாள், அறை கீறினாள், ஜன்னலுக்கு இடம் விட்டாள். அப்போது மச்சானின் ஃபோன் அடித்தது. குழுவின் செயலாளர். கொழும்பிலிருந்து பெரியவர்கள் வந்திருக்கிறார்களாம், உடனே வந்து நம் மாவட்டத்தின் கருத்தைச் சொல்ல வேண்டுமாம்.

"ஓம் சேர், ஓம் சேர்" என்று மச்சான் நிமிர்ந்து நின்று பேசினார். சப்னா அண்ணாந்து பார்த்தாள்.

"வாப்பா, கொஞ்சம் தள்ளுங்க. நீங்க என்ட அடுப்புக்கு மேல நிக்கிறீங்க."

தேசிய ஆலோசனைக் குழு உறுப்பினர் சட்டென்று காலைத் தூக்கிக் கோட்டுக்கு வெளியே வைத்தார்.

"பிறகு எடுங்க சேர்" என்றார் ஃபோனில். "இப்ப நான் மகள்ட ஊட்டுல நிக்கிறன்."