விசில் அடித்த வண்டி

எங்கள் வீட்டில் அப்போது இரண்டு கோளாறுகள். கார் விசில் அடித்தது, நான் இருமினேன். வைத்தியம் நடந்தது காருக்கு மட்டும்தான்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஆட்டையாம்பட்டியில் எங்களுடையது சின்ன விசைத்தறிப் பட்டறை. கூலிக்கு ஆள் வைக்காமல் நானும் என் வீட்டுக்காரருமே தறி ஓட்டுகிறோம். கார் வாங்கியபோது, பட்டறையின் முன்பக்கம் இருந்த ஒரு தறியைக் கழற்றி விற்றுவிட்டு அந்த இடத்தில் காரை நிறுத்தினார். வெயில் படக்கூடாதாம், மழை படக்கூடாதாம், காக்கை எச்சம் படக்கூடாதாம். காலையில் நான் தறியைப் போடும்போது அவர் வண்டியைப் போடுவார். எஞ்சின் சூடாக வேண்டும் என்று நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் ஓடவிடுவார். பின்னால் நான், முன்னால் கார், நடுவில் பறக்கிற பஞ்சு. இப்படித்தான் எங்கள் பொழுது விடியும்.

ஞாயிற்றுக்கிழமை தறிக்கு லீவு. கொண்டப்பநாயக்கன்பட்டியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவோம். மலைப்பாதை தொடங்கும் அடிவாரத்தில் அவள் வீடு. கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுப் போகும்போதுதான் அந்தச் சத்தத்தை அவர் முதலில் கேட்டார். மெல்லிசாக, இழுத்து இழுத்து, உய்ங்... உய்ங் என்று ஒரு விசில். தறி ஓட்டி ஓட்டி எங்கள் இருவருக்கும் காது மந்தம். ஆனால் வண்டியில் சத்தம் என்றால் மட்டும் அவருக்குப் பாம்புச் செவி. "கேக்குதா?" என்றார். கேட்கிற மாதிரிதான் இருந்தது. "ஆமாங்க" என்று சொல்லிவைத்தேன்.

அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. சேலத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனார். மெக்கானிக் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி நல்லாத்தானுங்க இருக்குது" என்று அனுப்பிவிட்டார். அடுத்த ஞாயிறு மறுபடியும் விசில். மறுபடியும் ஒர்க்‌ஷாப். அங்கே போனால் பெட்டிப் பாம்பாக வண்டி வாயே திறக்காது. கடைசியில் அந்த மெக்கானிக், "எப்பங்க சத்தம் வருது?" என்று கேட்க, இவர் வழியெல்லாம் யோசித்து ஒரு கண்டுபிடிப்போடு வீடு திரும்பினார்.

"அம்மிணி, நீ ஏறுனாத்தான் வண்டி கத்துது. வெயிட்டு தாங்கல."

இதை வீட்டுக்கு வந்த சொந்தபந்தம், ஒறம்பரை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப நீங்க மட்டும் கார்ல போங்க, நான் பஸ்ஸுல வாரேன்" என்றேன்.

கோபத்தில் சொன்னாலும் அதில் பாதி நிஜம். ஞாயிறு மகள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் திங்கட்கிழமை எனக்கு ஆகாத நாள். தறி போட்ட கொஞ்ச நேரத்தில் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போல இருக்கும். படியேறினால் மூச்சு வாங்கும், இருமல் விடாது. செவ்வாய், புதன் ஆனால் குறைந்துவிடும். அதனால் மலைக்காற்றுதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பஞ்சு என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றினாலும் என்ன செய்திருப்பேன்? பஞ்சு தொண்டையில் இறங்கினால் ஒரு துண்டு வெல்லம் வாயில் போட்டுக்கொண்டால் போதும், அடித்துக்கொண்டு போய்விடும் என்பது தறிக்காரர்களின் மருந்து. பட்டறையில் வெல்ல டப்பா காலியாக இருந்த நாளே இல்லை. வெல்லத்தை ஒதுக்கிக்கொண்டு, தறியில் குறுக்கே ஓடும் நாடாவில் நூல் சுற்றிய புதுத் தாரைப் போட்டு, நாடாவின் ஓட்டையில் வாய் வைத்து ஒரே உறிஞ்சில் நூலை வெளியே இழுப்பேன். நூலோடு என்ன வந்தது என்று யார் பார்த்தார்கள்.

"இந்த ஞாயித்துக்கெழம நான் வரல சாமி, மலைக்காத்து எனக்கு ஆவல" என்று மகளிடம் போனில் சொன்னேன். அவள் பட்டென்று போனை வைத்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

மெக்கானிக் இவருடைய தொல்லை தாங்காமல், "ஏர் ஃபில்டர் அடைச்சிருந்தாலும் சத்தம் வருமுங்க, மாத்திப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். சொல்லும்போது சிரித்துவிட்டாராம். இவருக்கு ரோஷம். கடையில் ஃபில்டரை மட்டும் வாங்கிக்கொண்டு, வீட்டிலேயே மாற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அன்று சனிக்கிழமை. நான் பின்னால் தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் பானட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்து, செல்போனை பேட்டரி மேல் சாய்த்து வைத்து, வீடியோவில் ஒருவன் சொல்லச் சொல்லச் செய்தார். எஞ்சினுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு பெட்டி. அதன் கிளிப்புகளை விடுவித்து மூடியைத் தூக்கினால், உள்ளே மடிப்பு மடிப்பாக ஒரு காகிதத் தட்டு இருக்கும். எஞ்சின் இழுக்கிற காற்றெல்லாம் அதன் வழியாகத்தான் போகுமாம். தூசியைத் தான் பிடித்து வைத்துக்கொண்டு காற்றை மட்டும் உள்ளே விடுமாம். முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது இதையெல்லாம் எனக்குப் பாடம் எடுத்திருந்தார்.

தறிச் சத்தத்தில் பேச்சு எடுபடாது, எங்களுக்குள் கைச்சாடைதான். திடீரென்று அவர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். பட்டறைக்குள் பாம்பு வந்தபோதுகூட அவர் அப்படி ஆட்டியதில்லை. தறியை ஓடவிட்டுவிட்டு ஓடினேன்.

பெட்டிக்குள் மடிப்பும் தெரியவில்லை, காகிதமும் தெரியவில்லை. ஒரு மெத்தை கிடந்தது. அவர் ஒரு ஓரத்தில் விரலை விட்டுத் தூக்க, அது கிழியாமல் கம்பளி போல ஒரே துண்டாக உரிந்து வந்தது. மேலே கிளிப்பச்சை. அது அப்போது என் தறியில் ஓடிக்கொண்டிருந்த பாவு நூல். அதற்குக் கீழே அரக்கு, ஆடி மாசம் ஓட்டிய சேலை. அதற்கும் கீழே மஞ்சள். கோயில் துண்டுக்காகப் போட்ட பாவு அது. இழை அறுந்து அறுந்து என் உயிரை வாங்கிய நூல். அந்த மஞ்சளை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

"அம்மிணி, இது நம்ம நூலு!" என்று என் காதில் கத்தினார்.

காலையில் கொஞ்ச நேரம் மட்டும் இந்தப் பட்டறைக் காற்றை இழுத்த வண்டிக்கு இந்தக் கதி. பொழுதுக்கும் இழுப்பவள் யார் என்று அந்த நிமிஷம்கூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. "ஐயோ பாவம், எப்படித்தான் மூச்சு உட்டுதோ" என்று வண்டியைத் தடவிக்கொடுத்தேன். சொல்லும்போதே இருமல் வந்துவிட்டது. "தூசி, அக்கட்ட போ" என்று அவர் என்னை விலக்கினார்.

பெட்டியை ஈரத்துணியால் துடைத்தார். புது ஃபில்டர் வெள்ளை வெளேரென்று இருந்தது. அதை உள்ளே பொருத்தி, ரப்பர் ஓரத்தை விரலால் அழுத்திச் சரிபார்த்து, மூடியைப் போட்டுக் கிளிப்புகளை மாட்டினார். உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். எஞ்சின் பிசிறில்லாமல் ஓடியது. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம், அந்த மெக்கானிக் மட்டும் அங்கே இருந்திருந்தால் தொலைந்தார்.

"ஏறி உக்காரு. வெயிட்டு ஏத்திப் பாக்கோணும்" என்று கத்தினார்.

முறைத்துக்கொண்டே ஏறினேன். கதவைச் சாத்தினேன், தறிச் சத்தம் வெளியே அமுங்கியது. உய்ங்... உய்ங்.

அவர் முகம் செத்துவிட்டது. எஞ்சினை நிறுத்திச் சாவியை உருவினார். பின்னால் தறி மட்டும் தடதடத்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. எங்கள் தெருவே தறித் தெரு. கரண்ட் போனால் எல்லா வீட்டுத் தறியும் ஒட்டுக்கா நிற்கும், எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அன்றும் வந்தார்கள். கொஞ்ச நேரம் தெருவில் ஒரு சத்தமும் இல்லை.

காருக்குள் விசில் மட்டும் நிற்கவில்லை.

அவர் கையில் இருந்த சாவியைப் பார்த்தார். டேஷ்போர்டில் காதை வைத்தார். ஏசி ஓட்டையில் காதை வைத்தார். எஞ்சின் ஓடாமல் எப்படிச் சத்தம் வரும்? நன்றாகக் கேட்க வேண்டும் என்று நானும் குனிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"நின்னு போச்சு" என்றார்.

மூச்சை விட்டேன். வந்துவிட்டது.

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை நான் இதற்கு முன்னால் பார்த்ததில்லை. "அம்மிணி, மூச்சப் புடி" என்றார். பிடித்தேன். சத்தம் இல்லை. "உடு." விட்டேன். உய்ங்.

எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. இத்தனை நாளாகச் சேலத்துக்கு ஓட்டி ஓட்டிக் காட்டியது, பானட்டைத் திறந்து திறந்து தேடியது, ஒறம்பரையோடு சேர்ந்து சிரித்தது எல்லாம் என் நெஞ்சுக்குள் கிடந்த சத்தத்தையா? என் உடம்பு கத்துவது எனக்கே தெரியாமலா இருந்தேன்? அவர் என்னைக் குனியச் சொல்லி, என் முதுகில் காதை வைத்தார். தெருவில் என் கையைக்கூடத் தொட்டிராத மனுஷன், பட்டப்பகலில், அவரவர் வாசலில் நின்று ஊரே பார்க்க, என் முதுகில் காதை வைத்தபடி அசையாமல் இருந்தார். "காரு இல்ல. நீதான்" என்றார்.

நான் கீழே கிடந்த பழைய ஃபில்டரைப் பார்த்தேன். பச்சை, அரக்கு, மஞ்சள். அந்த வண்டி நேற்று வந்தது மாதிரிதான். நான் தறியில் நிற்பது கல்யாணமான நாளிலிருந்து. எனக்குள் எத்தனை பாவு படிந்திருக்கும் என்று நினைத்தபோது உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

கரண்ட் வந்தது. ஸ்விட்சை நிறுத்தாமல் விட்டிருந்த என் தறி தானாக ஓட ஆரம்பித்து, கிளிப்பச்சைப் பஞ்சு பறந்தது. அவர் ஓடிப்போய் மெயினையே இறக்கிவிட்டார்.

அன்றைக்கே சேலத்துக்குப் போனோம். டாக்டர் குழாயை வைத்துக் கேட்டார், ஊதச் சொன்னார், படம் எடுத்தார். பிறகு, "ஞாயித்துக்கெழம லீவு விட்டுட்டு, திங்கக்கெழம தறிக்குப் போனதும் நெஞ்சு இறுக்குமாம்மா?" என்று கேட்டார். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"அது மலைக்காத்துனாலங்க" என்றேன்.

"பஞ்சுனாலம்மா. வாரத்துல அந்த ஒரு நாள்தான் நீங்க நல்ல காத்து வாங்கியிருக்கீங்க."

நல்ல காற்றைப் பழி சொல்லி, அந்த ஒரு நாளையும் நிறுத்தப் பார்த்தேனே என்று எனக்கு அழுகை வந்தது. என் வீட்டுக்காரர் கையில் இன்னும் எஞ்சின் கரி இருந்தது. "உள்ள இருக்கறத எடுத்துட்டு... மாத்த வழி இல்லீங்களா?" என்று கேட்டார். டாக்டர் அவரைப் பாவமாகப் பார்த்தார். சுருங்கிய மூச்சுக்குழாய் பழையபடி முழுக்கத் திரும்பாது, மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம், இனி பஞ்சுக் காற்று ஆகாது என்று சொல்லி, உறிஞ்சுகிற மருந்து எழுதிக் கொடுத்தார். "வெல்லம் சாப்பிடலாமுங்களா?" என்று நான் கேட்டேன். "டீயில போட்டுக்கங்க" என்றார்.

கார் இப்போது வாசல் வேப்பமரத்தடியில் வெயிலிலும் எச்சத்திலும் நிற்கிறது. அது நின்ற இடத்துச் சுவரை இடித்து, பஞ்சை வெளியே தள்ளப் பெரிய காற்றாடி வைத்திருக்கிறோம். நான் பட்டறைக்குள் போவதில்லை. வீட்டில் உட்கார்ந்து துணி மடிக்கிறேன். பாதித் தறிகள்தான் ஓடுகின்றன. அவர் முகத்தில் துணி கட்டிக்கொண்டு, நாடாவில் வாய் வைக்காமல் கொக்கியால் நூலை இழுக்கிறார். கொக்கிக்கு நேரம் ஆகிறது என்று அலுத்துக்கொள்வார், ஆனாலும் வாய் வைப்பதில்லை.

ஞாயிறுதோறும் தவறாமல் மகள் வீட்டுக்குப் போகிறோம். கண்ணாடியை ஏற்றிவிட்டு, சத்தம் கேட்க வேண்டும் என்று ஏசியை நிறுத்திவிடுகிறார். வேர்த்துக் கொட்டும். மருந்து நன்றாக வேலை செய்கிற நாட்களில் விசில் வராது. வராவிட்டால் இவருக்கு வண்டி ஓடாது. ஓரங்கட்டி நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்ப்பார்.

"இருக்கறேனுங்க" என்பேன். "வண்டிய எடுங்க."