செத்தும் தப்பிய வான்கோழி

2006ஆம் ஆண்டின் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை, பகல் இரண்டு மணி. ஒஸ்லோவில் வெஸ்ட்லி என்ற இடம். மெட்ரோ ரயில் அதற்கு மேல் போகாது. அந்தக் கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்து அடுக்குமாடியில் ஒன்பதாம் மாடி எங்கள் வீடு. வெளியே குளிர் கடித்தது. உள்ளே எனக்கு வேர்த்துக் கொட்டியது. கணவர் வீட்டார் பன்னிரண்டு பேருக்கு நான் வைக்கும் முதல் விருந்து அது.

நான் மதுரைக்காரி. கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். இது எப்படி நடந்தது என்பது தனிக்கதை, இப்போது வேண்டாம். கல்யாணமாகி ஒஸ்லோவுக்கு வந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. அவர் சொந்தங்கள் எல்லோரும் என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். அந்த மரியாதைதான் எனக்கு உறுத்தியது. விருந்தாளிக்குக் காட்டும் மரியாதையை வீட்டு மருமகளுக்கும் காட்டினால் என்ன அர்த்தம், சொல்லுங்கள்?

அதிலும் என் நாத்தனார். இவர்கள் வழக்கில் மச்சாள். பதினாறு வயதுத் தம்பியை இந்த நாட்டுக்கு வரவழைத்து, படிக்கவைத்து ஆளாக்கியவர். தம்பிக்கு ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார் என்பது எனக்கும் தெரியும். எங்கள் வீட்டுக்கு ஐந்து முறை வந்திருக்கிறார். ஐந்து முறையும் தேநீரோடு சரி. வீட்டுக்காவது கொஞ்சம் எடுத்துப் போங்கள் அக்கா என்று கெஞ்சினால் ஒரே பதில்தான்.

“இல்லை, பெட்டி ஒண்டும் கொண்டு வரேல்லை.”

இங்கே தமிழ் வீடுகளில் ஐஸ்கிரீம் தீர்ந்துபோன பெட்டியை யாரும் எறிவதில்லை. கழுவி அடுக்கி வைத்து, விருந்துக்குப் போகும்போது ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொள்வார்கள், மிஞ்சிய கறி வாங்கி வர. எல்லா வீட்டுக்கும் அல்ல. யார் சமையலில் நம்பிக்கை இருக்கிறதோ அந்த வீட்டுக்கு மட்டும். மச்சாள் மற்ற வீடுகளுக்குப் பெட்டியோடு போவதை நானே பார்த்திருக்கிறேன். அது என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

நோர்வே மொழி வகுப்பில் ஆசிரியை ஒருநாள் சொன்னார், இந்த நாட்டில் பல வீடுகளில் ஆண்டின் கடைசி நாளில் வான்கோழி சமைப்பார்கள் என்று. எனக்குப் பொறி தட்டியது. யாழ்ப்பாணத்துச் சமையலில் இவர்களோடு போட்டி போட முடியாது. மதுரைச் சமையல் செய்தால் இந்தியாச் சாப்பாடு என்பார்கள். வான்கோழி என்றால் யாருக்கும் சொந்தமில்லை. நான் வைத்ததுதான் சட்டம். எல்லோரையும் தொலைபேசியில் அழைத்தேன். என்ன சமைக்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. திகைக்கட்டும் என்று நினைத்தேன். திகைக்கத்தான் செய்தார்கள்.

ஏழு கிலோ வான்கோழி. குளிர்பெட்டியில் கொள்ளாமல், குளியல் தொட்டியில் குளிர்ந்த தண்ணீரில் போட்டு உறைந்திருந்ததை இளகவைத்தேன். அன்று கணவர் குளிக்கவில்லை. மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு எல்லாம் அரைத்து உள்ளும் புறமும் அப்பி, விடியற்காலையில் அடுப்புக்குள் தள்ளினேன். பொன்னிறமாக வந்தது. அதைத் தட்டில் ஏந்திக்கொண்டு மகாராணி மாதிரி கூடத்துக்குள் நுழைந்தேன்.

பன்னிரண்டு பேரும் வான்கோழியைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் கணவரின் சித்தப்பாதான் வாயைத் திறந்தார். எதையும் வேடிக்கையாகப் பேசும் மனிதர்.

“பிள்ளை, இப்ப திருவெம்பாவை எல்லே. நாங்கள் பத்து நாளும் மச்சம் தொடமாட்டம்.”

மச்சம் என்றால் இவர்கள் பேச்சில் அசைவம். எங்கள் மதுரை வீட்டில் புரட்டாசி என்றால் முட்டைகூட வாசலைத் தாண்டாது. ஆனால் மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டுக்கறி கொதித்த வீடு அது. இவர்களுக்கு மார்கழியில் திருவாதிரையோடு முடியும் பத்து நாளும் கடுமையான சைவம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. திருவெம்பாவை நாளில் சைவம் தவிர வேறென்ன சமைப்பாள் என்று நம்பி, யாரும் கேட்கவும் இல்லை. கணவரைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அவருக்கு விரதமும் தெரியாது, கிழமையும் தெரியாது.

பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. ஓடிப்போய்ப் பருப்பு வேகவைத்தேன், உருளைக்கிழங்கு வதக்கினேன். சோறும் தயிரும் பாயசமும் இருந்ததால் மானம் பாதி தப்பியது. எல்லோரும் நல்லாயிருக்கு நல்லாயிருக்கு என்று சாப்பிட்டார்கள். அந்த மரியாதை அன்றைக்கு இன்னும் அதிகமாகச் சுட்டது. சித்தப்பா என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்:

“கவலைப்படாதையும் பிள்ளை. வான்கோழி எப்பிடியும் வறட்டு இறைச்சிதான், பஞ்சைச் சப்பின மாதிரி இருக்கும். ஆனா ஆள் கெட்டிக்காரன், செத்தும் தப்பீட்டுது!”

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு சமையலறைக்குள் போய் அழுதேன்.

அழுதுகொண்டிருக்கும்போது பின்னால் ஆள் அரவம். மச்சாள். கண்ணைத் துடைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை; வான்கோழியைத்தான் பார்த்தார்.

“கத்தி எங்கை?”

எடுத்துக் கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். ஒரு பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அதன் அடியில் கத்தியை நாலு இழுப்பு இழுத்துத் தீட்டினார். சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வெட்டத் தொடங்கினார். அப்படி ஒரு கைவேகத்தை நான் பார்த்ததே இல்லை. நெஞ்சுக்கறி ஒரு பக்கம், தொடைக்கறி ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம் என்று பிரிந்து விழுந்தது. எலும்பில் நகக்கண் அளவு இறைச்சிகூட மிச்சமில்லை.

“அக்கா, நீங்க விரதமாச்சே” என்றேன், பதறிப்போய்.

“பாட்ஸ்பியோர்ட்டில நாலு வருசம் மீன் வெட்டினனான். கந்தசஷ்டிக்கும் வெட்டினனான், கௌரி விரதத்துக்கும் வெட்டினனான். விரதம் வாய்க்கு. கைக்கு இல்லை.”

வட துருவத்துப் பக்கம் இருக்கும் அந்த மீன்பிடி ஊரில், தொழிற்சாலையில் நின்று மீன் வெட்டித்தான் அவர் தம்பியைப் படிக்கவைத்தார் என்பது எனக்குத் தெரியும். அதை அவர் வாயால் கேட்டது அன்றுதான். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, சட்டென்று சொல்லிவிட்டேன்.

“அக்கா, வர்ற சனிக்கிழமை எல்லாரும் திரும்பச் சாப்பிட வாங்க. இதையே சமைக்கிறேன்.”

கத்தி நின்றது. “எல்லாருமோ?”

“எல்லாரும். சித்தப்பா கண்டிப்பா வரணும்.”

திருவாதிரை புதன்கிழமை. சனிக்கிழமை யாருக்கும் விரதம் இல்லை. அவர் கையைக் கழுவினார். “சரி. எல்லாருக்கும் நான் சொல்லுறன். மிச்சம் உம்மட பாடு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றும் வெறும் கையோடுதான் போனார்.

இறைச்சியைப் பைகளில் பிரித்து உறைய வைத்தேன். அடித்தட்டில் வடிந்த கொழுப்பையும் மசாலாவையும்கூட விடவில்லை. வியாழக்கிழமை ஒரு பையை எடுத்து, எங்கள் அம்மா கோழிக்குழம்பு வைப்பது போலவே வைத்துப் பார்த்தேன். நன்றாகக் கொதிக்கவிட்டேன். வாயில் வைத்தால் கயிறு! சித்தப்பா சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்துவிட்டது. கணவர் நல்லாயிருக்கு என்று சொல்லிக்கொண்டே மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். அவருக்குப் பொய் சொல்லவும் தெரியாது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலை பல் துலக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. ஏற்கெனவே வெந்த இறைச்சியை நான் ஏன் மறுபடி வேகவைக்கிறேன்? மதுரையில் கொத்து பரோட்டா போடுகிறவர் கல்லில் கறியையா வேகவைக்கிறார்? எல்லாம் தயாரான பிறகு கறியைத் தூவி, சால்னாவை ஊற்றி, நாலு தட்டு தட்டி இறக்கிவிடுவார். வாயில் பற்பசை நுரையோடு கணவரை எழுப்பி இதைச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் ஓம் என்று தலையாட்டினார்.

அதன்பிறகு என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. எலும்பையெல்லாம் பெரிய பானையில் போட்டு மூன்று மணி நேரம் கொதிக்கவைத்து, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் வைத்தேன். வறண்ட நெஞ்சுக்கறியைப் பஞ்சு போல உதிர்த்தேன். பஞ்சு என்றுதானே சொன்னார், பஞ்சாகவே இருக்கட்டும்! அதில் பாதியை உருளைக்கிழங்கோடு பிசைந்து, ரொட்டித்தூளில் புரட்டிக் கட்லெட் பொரித்தேன். மீதியைத் தேங்காய்ப்பூவும் கறிவேப்பிலையும் போட்டு ஒரு புரட்டு புரட்டி இறக்கினேன். அதோடு சேர்த்துச் சாப்பிடக் கணவர் புட்டு அவித்தார். அது அவருக்கு நன்றாக வரும். கொத்துக்குப் பரோட்டா இல்லை. நோர்வேக்காரர்கள் சாசேஜ் சுற்றித் தின்னும் லொம்பே என்ற மெல்லிய உருளைக்கிழங்கு ரொட்டி கிறிஸ்துமஸுக்கு வாங்கியது மிச்சமிருந்தது. அதையே பிய்த்துப் போட்டு, முட்டை ஊற்றி, தொடைக்கறியைத் தூவி, வடித்து வைத்த கொழுப்பில் செய்த சால்னாவை விட்டு, எவர்சில்வர் டம்ளரால் தட்டித் தட்டிக் கொத்தினேன். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் ஒஸ்லோவா மதுரையா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

சனிக்கிழமை பன்னிரண்டு பேரும் வந்தார்கள். கொஞ்சம் பயந்துதான் வந்தார்கள் என்று நினைக்கிறேன். மேசையில் வான்கோழி மாதிரி எதுவும் தென்படாததால் நிம்மதியாக உட்கார்ந்தார்கள். என்ன இறைச்சி என்று நானும் சொல்லவில்லை, மச்சாளும் சொல்லியிருக்கவில்லை. குளிரில் வந்தவர்களுக்கு முதலில் ரசத்தைச் சுடச்சுடக் கொடுத்தேன். சித்தப்பா ஒரு டம்ளர் குடித்தார். நீட்டினார். இன்னொன்று குடித்தார். கொத்தைப் போட்டுக்கொண்டார், கட்லெட் நாலு வைத்துக்கொண்டார், வாயே திறக்கவில்லை. அவர் பேசாமல் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லையாம். பிறகு மூன்றாவது டம்ளரை நீட்டியபடி என் கணவரைப் பார்த்துக் கேட்டார்.

“டேய், உண்மையைச் சொல்லு. இஞ்சை உனக்கு எங்கை ஊர்க்கோழி கிடைச்சது?”

கணவர் என்னைப் பார்த்தார். நான் மச்சாளைப் பார்த்தேன். மச்சாள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

“சித்தப்பா, அண்டைக்குத் தப்பினவர்தான் இண்டைக்கு வந்திருக்கிறார்.”

இரண்டு விநாடி ஆனது. பிறகு வீடே இடிந்து விழுவது போலச் சிரிப்பு. ஒருவருக்குப் புரையேறிவிட்டது. சித்தப்பா தன் டம்ளரை உற்றுப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“எண்டால் அவரை இன்னும் கொஞ்சம் ஊத்தும் பிள்ளை.”

சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட நான் அப்படிப் பூரித்ததில்லை. பானையைச் சுரண்டினார்கள். லொம்பேயில் கொத்தா என்று கேட்டுக் கேட்டு வியந்தார்கள். செய்முறையைக் காகிதத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். அன்றைக்கு யாரும் மரியாதைக்கு நல்லாயிருக்கு என்று சொல்லவில்லை; உப்புக் கொஞ்சம் கூட என்று ஒருவர் குறை சொன்னார், அதைக் கேட்டு எனக்கு அவ்வளவு நிம்மதி.

எல்லோரும் கிளம்பும் நேரம். மச்சாள் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டிருந்தார், அதுவே எனக்குப் போதும். வழக்கம்போலக் கேட்க வாயெடுத்தேன், பிறகு அடக்கிக்கொண்டேன். இந்த நல்ல நாளில் அந்தப் பதிலைக் கேட்க வேண்டாம் என்று தோன்றியது. அவர் காலணியைப் போட்டுக்கொண்டார். பிறகு கைப்பையைத் திறந்து, கழுவித் துடைத்த ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

“புட்டுக்குப் போட்டதில கொஞ்சம் வையும்.”

நிரம்பி வழிய வைத்தேன். மூடி மூட மறுத்தது. ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் ஆண்டின் கடைசி வாரம் வந்தால் சித்தப்பாவிடமிருந்து தொலைபேசி வரும். வான்கோழி எப்போது என்று கேட்கமாட்டார், மிச்சம் எப்போது என்றுதான் கேட்பார். எத்தனையோ பேர் என் சமையலைச் சாப்பிட்டுவிட்டுப் பாராட்டியிருக்கிறார்கள். ஆனால் அன்று மச்சாள் அந்தப் பெட்டியோடு தன் வீட்டிலிருந்து புறப்பட்டபோது அந்தச் சமையலை இன்னும் ஒரு வாய்கூட ருசி பார்த்திருக்கவில்லை என்பதை நினைத்தால், இன்றைக்கும் எனக்கு ஒரு சுற்றுப் பெருத்ததுபோல இருக்கிறது.